டீசல் தொட்டி: பாவம் ஓரிடம், பழி ஓரிடமா?

தோட்டத்தில் டிராக்டர் ஓட டீசல் வேண்டும். தண்ணீர்ப் பம்பு இறைக்க டீசல் வேண்டும். மின்சாரம் நின்றுபோன இரவில் ஜெனரேட்டர் ஓடவும் டீசல் வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த டீசல் எண்ணெய் நிலையத்திலிருந்து மலைத் தோட்டத்துக்கு எதில் ஏறி வருகிறது? அதன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் யார்? வழியில் அதிகாரிகள் வண்டியை நிறுத்தினால் யாருடைய அடையாளக் கார்டை வாங்கிக் குறித்துக்கொள்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் தோட்ட நிர்வாகங்கள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லும் வரையில் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

பாலிக் புலாவ் சாலைகளை அறிந்தவர்களுக்கு நாங்கள் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாயா தெருபோங் பக்கமிருந்து வந்தால் துன் சார்டோன் சாலை. தெலுக் பாஹாங் பக்கமிருந்து வந்தால் தித்தி கெராவாங் வழி. தெலுக் கும்பார் பக்கமிருந்து வந்தால் கெந்திங் மேடு. எந்தப் பக்கமாக வந்தாலும் மலை ஏறி, வளைந்து வளைந்து இறங்காமல் ஊருக்குள் நுழைய முடியாது. தார்ச்சாலை முடிந்த பின் தோட்டத்து மண்சாலை இருக்கிறது. மழை பெய்தால் அது சாலையல்ல, ஓடை.

இந்தச் சாலைகளில் காலை நேரத்தில் போகும் பிக்கப் வண்டியின் பின்தட்டைப் பாருங்கள். நடுவே ஒரு பழைய 200 லிட்டர் தோம்பு. அதன் இடுப்பில் ஒரு நைலான் கயிறு. பக்கத்தில் நாலைந்து பிளாஸ்டிக் டின்கள், மூடி தொலைந்துபோய்ப் பிளாஸ்டிக் பை திணித்த டின்கள். டின் மேல் பால் வாளி, வாளியை ஒட்டி நம் ஆட்கள்! தமிழரும் இருப்பார், வங்காளதேசத் தோழரும் இருப்பார், இந்தோனேசியத் தோழரும் இருப்பார். அபாயம் அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

நாங்கள் கிராணி மேசையில் உட்கார்ந்து எண்ணெய்க் கணக்கு எழுதுகிறவர்கள். ஆகவே கணக்காகவே சொல்கிறோம். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 850 கிராம் எடை. 200 லிட்டருக்கு 170 கிலோ. தோம்பின் எடை சுமார் 20 கிலோவைச் சேர்த்தால் 190 கிலோ. மூன்று ஆள் எடை! வளைவில் அந்த மூன்று ஆள் எடை ஒரு பக்கமாய்ச் சாயும்போது நைலான் கயிறு என்ன செய்யும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கால் என்ன ஆகும்? இந்தக் கணக்கைப் போட மேனேஜருக்கு எந்தப் பெரிய படிப்பும் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: "டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை, அது பற்றாது." பாதி உண்மை முழுப் பொய்யை விடக் கெட்டது, தோழர்களே! பெட்ரோல் ஆவி கடுங்குளிரிலும் ஒரு பொறி பட்டால் பற்றும். டீசல் 55, 60 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். இது உண்மைதான். மறு பாதி என்ன? குழாய் வெடித்து டீசல் பனிபோலச் சிதறினால் அந்தச் சூடு தேவையில்லை, சாதாரண வெயிலிலேயே பற்றும். கொதிக்கும் புகைக்குழாய் மேல் ஒழுகினால் பற்றும். நேற்றுப் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் கொண்டு வந்த அதே டின்னில் இன்று டீசலை ஊற்றினால், டின்னுக்குள் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றும். எண்ணெய் ஊற்றும் வேகத்தில் எழும் மின்பொறி ஒன்றே அதற்குப் போதும். பின்தட்டின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் டின்னை வைத்து நிரப்பினால் அந்த மின்னேற்றம் தரைக்கு இறங்க வழியில்லாமல் டின்னிலேயே தங்கும். அதனால்தான் டின்னைத் தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். நம் தோட்டங்களில் இதை எந்தப் பெரட்டிலாவது யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

தோம்பு தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின் நடப்பது இன்னும் கொடுமை. பம்பு கிடையாது. ஒரு துண்டுக் குழாயைத் தோம்புக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து ஓர் ஆள் உறிஞ்ச வேண்டும். எண்ணெய் வாய்க்கு வந்ததும் துப்பிவிட்டுக் குழாயை டிராக்டருக்குள் விட வேண்டும். இதற்குப் பெயர் வேலையா? வயிற்றுக்குள் போகும் டீசலை விட நுரையீரலுக்குள் போகும் டீசல் பொல்லாதது. சிறிதளவு மூச்சோடு உள்ளே போனாலும் நுரையீரல் வெந்து, இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆளைப் படுக்கையில் தள்ளும். அப்படி நேர்ந்துவிட்டால் பாலைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பாட்டி வைத்தியம் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுக்கும்போதுதான் எண்ணெய் மறுபடியும் மூச்சுக்குழாயில் நுழைகிறது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கையால் சுற்றும் பம்பு ஒன்று வாங்கிப் போட்டால் இந்த அநியாயம் அன்றைக்கே ஒழியும். டிராக்டருக்கு டயர் மாற்றக் கணக்குப் பார்க்காத நிர்வாகம், மனிதன் நுரையீரலுக்கு ஒரு கைப்பம்பு வாங்கக் கணக்குப் பார்க்கிறதே, இது நியாயமா?

இப்போது சில தோட்டங்களில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. "தோம்பு வேண்டாம், பிக்கப் வண்டிக்கு அளவெடுத்து ஒரு தொட்டி அடித்துப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். நல்ல யோசனை. நாம் எதிர்க்கவில்லை. உண்மையில் நாம் கேட்பதும் அதுதான். ஆனால் அந்தத் தொட்டியை அடிக்கும் விதத்தைப் பார்த்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக இருக்கிறது. கிடைத்த பழைய தோம்பை நீளவாக்கில் வெட்டு, தகட்டை ஒட்டு, அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் வை, பெயின்ட் அடி, தீர்ந்தது வேலை!

முதலில் அந்தப் பழைய தோம்பை வெட்டுகிறவனின் கதியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் நிரம்பிய தோம்பை விடக் காலித் தோம்பே அதிக அபாயம். நிரம்பிய தோம்பில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமில்லை. காலித் தோம்பில் இரண்டும் கலந்து காத்திருக்கும். வெட்டும் இயந்திரத்தின் பொறி பட்டதும் மூடி குண்டுபோலப் பறக்கும். "கழுவிவிட்டோம்" என்று சொல்வது சமாதானம் ஆகாது. மடிப்பிலும் துருவிலும் ஒட்டிய எண்ணெய் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். ஆகவே எண்ணெயோ தின்னரோ களைக்கொல்லியோ இருந்த எந்தத் தோம்பையும் தோட்டத்துப் பட்டறையில் வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அப்படிச் செய்யச் சொல்கிறவரைப் பக்கத்தில் நின்று தோம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உத்தரவு உடனே வாபஸ் ஆகும்!

சரியான தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தவறான தொட்டியை நாம் மறுக்க முடியும். ஆகவே டிரைவர் தோழர்களும் ஸ்டோர் கிராணிமாரும் இதைக் கவனமாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பளு. ஒரு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டி 400 லிட்டர் பிடிக்கும். டீசல் மட்டும் 340 கிலோ. மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தால் தொட்டியும் தடுப்புகளும் பம்பும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. ஆக 440 கிலோ. இந்த வண்டிகள் மொத்தமாய்ச் சுமப்பதே ஒரு டன் அளவுதான், பலவற்றில் அதற்கும் குறைவு. இதற்கு மேல் ஆறு ஆட்களையும் உர மூட்டையையும் ஏற்றினால் மலை இறக்கத்தில் பிரேக் யார் பேச்சைக் கேட்கும்?

இரண்டாவது, உள் தடுப்பு. நிரம்பிய தொட்டியை விட அரைத் தொட்டி பொல்லாதது. உள்ளே 170 கிலோ எண்ணெய், வளைவுக்கு வளைவு அலையாய் அடித்து வண்டியை இழுக்கும். தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்து, அவற்றின் கீழ் மூலையிலும் மேல் மூலையிலும் துளை விட்டால் எண்ணெயும் காற்றும் மெல்லப் போய்வரும், அலை அடிக்காது. தடுப்பில்லாத தொட்டி தண்ணீர்த் தொட்டிதான், டீசல் தொட்டி அல்ல.

மூன்றாவது, தகடு. துத்தநாகம் பூசிய தகடு மலிவாய்க் கிடைக்கிறது என்று அதில் செய்யக் கூடாது. டீசல் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற கசடாய் மாறி வடிகட்டியையும் இன்ஜினின் எண்ணெய் ஊசியையும் அடைக்கும். பூச்சில்லாத இரும்பு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் இவற்றில் ஒன்றே தகும். பித்தளை, செம்புக் குழாய்களும் ஆகா. செம்பு பட்ட டீசல் சீக்கிரம் கெடும்.

நான்காவது, மூச்சு. எண்ணெய்க்கும் மூச்சு விட வேண்டும். காலையில் நிரப்பிய 200 லிட்டர் டீசல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் மூன்று லிட்டருக்கு மேல் பெருகும். கழுத்து வரை நிரப்பி இறுக மூடினால் அது எங்கே போகும்? தையலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே மேலே இடம் விட்டு நிரப்ப வேண்டும், காற்றுக் குழாயும் வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் காற்றுக் குழாயாக அது இருக்க வேண்டும்.

ஐந்தாவது, அடிக்குழாய் கூடவே கூடாது. அடியில் குழாய் வைத்தால் பம்பு வாங்கும் காசு மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஒரு கல் பட்டு அந்தக் குழாய் முறிந்தால் 400 லிட்டரும் சாலையில்! பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் யார் வீட்டுப் பிள்ளை? சாலையிலிருந்து வடிந்து அது எங்கே போகும்? ஓடைக்குப் போகும். ஓடை சுங்கை பூரோங் பக்கத்து வயலுக்கும் கடலுக்கும் போகும். அங்கே இருக்கும் விவசாயியும் மீனவரும் நம்மைப் போன்ற பாட்டாளிகள்தான். உறிஞ்சு குழாய் மேலிருந்து இறங்க வேண்டும். அதன் முனை தொட்டியின் அடியைத் தொடாமல் ஓர் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். ஏனென்றால் நம் நாட்டு ஈரக்காற்றில் தொட்டிக்குள் தண்ணீர் வேர்த்து அடியில் தங்கும். 2019-இல் போக்குவரத்து டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படலாயிற்று. அது வெறும் டீசலை விட அதிகமாய்த் தண்ணீரை இழுக்கும். தண்ணீரும் எண்ணெயும் சேரும் இடத்தில் பாசிபோல் கறுப்புக் கசடு வளரும். அடியில் சேரும் தண்ணீரை மேலிருந்தே உறிஞ்சி எடுக்க ஒரு சிறு பள்ளமும், பம்பில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியும் வேண்டும்.

ஆறாவது, குழாய். இதில் நமக்கே உரிய ஒரு செய்தி இருக்கிறது. நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயருக்கு ராஜா. விமானத்தின் டயருக்கும் அதுதான். ஆனால் டீசலுக்கு ஆகாது! டீசலில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்த குழாய்தான் வேண்டும். தோட்டத்தில் கிடக்கும் தண்ணீர்க் குழாயை மாட்டுகிறவர்கள், ரப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டே ரப்பரை அறியாதவர்கள். பால் வாளியில் டீசல் தெறித்தாலும் இதே கதை. பாலின் தரம் கெடும், குறையோ வெட்டிய ஆளின் தலையில் விழும்.

ஏழாவது, பிடிப்பு. பின்தட்டின் மெல்லிய தகட்டில் இரண்டு திருகாணி போட்டால் போதாது. வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். மின்னேற்றம் தங்காமல் தொட்டியையும் வண்டியையும் இணைக்கும் கம்பி வேண்டும். உலர்ந்த தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொட்டியின் இரு பக்கத்திலும் உள்ளே இருப்பது இன்னது என்று எழுதியிருக்க வேண்டும்.

"இவ்வளவும் தேவையா? ஒரு பிக்கப் வண்டிக்கா?" என்று கேட்பார்கள். உலகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் லோரியின் பக்கவாட்டில் பொருத்தும் எரிபொருள் தொட்டிக்கு ஒரு சோதனை விதி இருக்கிறது. எண்ணெயின் எடைக்குச் சமமாகத் தண்ணீரை அதில் ஊற்றி, 30 அடி உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் மோதும்படி போடுகிறார்கள். நிமிடத்துக்கு ஓர் அவுன்ஸுக்கு மேல் ஒழுகினால் அந்தத் தொட்டி தள்ளுபடி. நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நிரப்ப முடியாதபடி தொட்டியைச் செய்ய வேண்டும் என்பதும் அங்கே விதியாக இருந்தது. 30 அடி வேண்டாம். நம் தோட்டத்தில் அடித்த தொட்டியைப் பின்தட்டிலிருந்து மூன்றடி கீழே போட்டுக் காட்ட எந்த நிர்வாகம் தயார்?

அடுத்து, பழி யார் மேல் விழுகிறது என்பதைப் பார்ப்போம்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. முதல் நாள் 430 வெள்ளிக்கு நிரம்பிய தோம்பு மறு நாள் 670 வெள்ளி கேட்டது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நின்றது. இங்கேயும் குறிப்பிட்ட சரக்கு லோரிகளுக்கு அட்டையின் மூலம் பழைய விலை கிடைத்தது. தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஒரே சரக்குக்கு இரண்டு விலை இருந்தால் குறுக்கு வழியும் இருக்கும். மலிவு டீசலைக் கள்ளத்தனமாய்க் கடத்துகிறவர்கள் லோரியிலும் பிக்கப்பிலும் ரகசியத் தொட்டி அடித்து ஓட்டுவது ஊரறிந்த செய்தி. அதிகாரிகள் அவர்களைத் தேடுகிறார்கள். தேடட்டும், அது அவர்கள் கடமை.

ஆனால் பெயர் எழுதாத, ரசீது இல்லாத, பழைய தோம்பில் அடித்த தொட்டியோடு நம் டிரைவர் மலைச்சாலையில் போகும்போது, அவரும் கடத்தல்காரரும் அதிகாரியின் கண்ணுக்கு ஒன்றுபோலத்தானே தெரிவார்கள்? 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனி ஆளுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனிக்கு இருபது லட்சம் வரை அபராதம். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வருஷத்துக்கு 20,400. பத்து லட்சம் என்பது ஒரு தொழிலாளி ஒரு காசு செலவழிக்காமல் 49 வருஷம் உழைத்தால் சேரும் தொகை! கம்பெனி சிறைக்குப் போகாது. சுவருக்குள் அடைபடுவது மனிதன்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தொட்டி அடிக்கும் பட்டறையில் ரசீதை டிரைவரின் பெயரில் எழுதச் சொன்னார்கள். "சின்ன விஷயம்தானே, காசை அப்புறம் தருகிறோம்" என்றார்கள். அந்த டிரைவர் விவரம் தெரிந்தவர். "காசும் வேண்டாம், பெயரும் வேண்டாம், தோட்டத்தின் பெயரிலேயே எழுதுங்கள்" என்று நின்றார். அன்றோடு அந்தத் தொட்டிப் பேச்சே நின்றுபோனது! இதிலிருந்து தெரிவதென்ன? தொட்டி வேண்டும், எண்ணெய் வேண்டும், லாபம் வேண்டும். பெயர் மட்டும் வேண்டாம்! பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நம் பெரியவர்கள் இவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்களோ?

கிராணிமார் படும் பாடும் இதில் உண்டு. பகல் வெயிலில் 40 டிகிரிச் சூட்டில் வந்து இறங்கிய 400 லிட்டர் டீசல், இரவுக் குளிரில் 25 டிகிரிக்கு இறங்கினால் ஐந்து லிட்டர் சுருங்கும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. இது இயற்கை. ஆனால் மறு நாள் அளவுகோலை விட்டுப் பார்த்ததும் "ஐந்து லிட்டர் எங்கே?" என்று கிராணியை நிற்க வைத்துக் கேட்கிறார்கள். சில இடங்களில் சம்பளத்திலும் கை வைக்கிறார்கள். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 'எண்ணெய்ச் சேதாரம்' என்றொரு வரி இல்லை. பம்பில் ஓர் அளவு மானி பொருத்தி, சூட்டையும் அளந்து எழுதினால் கணக்குச் சண்டைக்கே இடமில்லை. மானி வாங்காத நிர்வாகம் கிராணியை மானியாக்குகிறது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்து எண்ணெயில் ஒரு டின்னை ஓரமாய் ஒதுக்கி விற்கிற ஆசாமி எங்காவது இருந்தால், அவர் பத்து வெள்ளிக்கு நூறு தோழர்களின் நாணயத்தை விற்கிறார். நாளைக்கு நாம் நியாயம் கேட்கப் போகும்போது நிர்வாகம் அந்த ஒரு டின்னைத் தூக்கி நம் முன்னே வைக்கும். அதேபோல், "பின்தட்டில் ஏறிக்கொண்டால் நடக்கிற சிரமம் மிச்சம்" என்று தோம்பின் மேலேயே உட்கார்ந்து போகும் வாலிபர்களும் யோசிக்க வேண்டும். சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு தோம்பில் சாய்வது வீரமல்ல.

"எண்ணெயோடு ஏற மாட்டேன்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. வேலையின் அபாயங்களை ஆராய்ந்து குறைப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. உயிருக்கு உடனடி அபாயம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதைத் தெரிவித்தும் முதலாளி நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு அது கொடுத்திருக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. கடமை தவறிய முதலாளிக்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. உங்கள் தோட்டத்தில் அந்த ஒருங்கிணைப்பாளர் யார்? தெரியாவிட்டால் நாளைக் காலைப் பெரட்டிலேயே கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது கச்சேரியில் நிற்கும்.

"செலவு தாங்காது" என்பது அவர்களுடைய கடைசிப் பல்லவி. கித்தா விலை ஏறும்போது லாபம் அவர்களுக்கு, இறங்கும்போது சிக்கனம் நமக்கு. இந்தப் பாட்டை நம் தாத்தாமார் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். ஒரு நல்ல தொட்டி பல வருஷம் உழைக்கும். அதன் விலையை வருஷக் கணக்கில் பிரித்து லிட்டர் கணக்கில் போட்டுப் பாருங்கள் என்று கிராணிமாராகிய நாங்களே நிர்வாகத்துக்குக் கணக்கு எழுதித் தரத் தயார். ஒரு தொழிலாளியின் கால் முறிந்தால் ஆகும் செலவை எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லட்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. டீசல் ஏற்றும் தொட்டியைத் தோட்டமே தன் செலவில், தன் பெயரில், தொழில் தெரிந்த பட்டறையில் செய்ய வேண்டும். பழைய தோம்பை வெட்டும் வேலை இன்றோடு நிற்க வேண்டும்.

2. எண்ணெய் வாங்கவும் வைக்கவும் கொண்டு போகவும் வேண்டிய உரிமங்களை நிர்வாகமே வாங்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டு விதிகளையும் 1984-ஆம் ஆண்டு பெட்ரோலியப் பாதுகாப்புச் சட்டத்தையும் படிப்பது டிரைவரின் வேலையல்ல. வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் அவர்கள் பொறுப்பு.

3. எண்ணெய் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் தோட்டத்தின் முத்திரையும் மேனேஜர் கையெழுத்தும் உள்ள கடிதம் டிரைவரிடம் இருக்க வேண்டும். எத்தனை லிட்டர், எங்கிருந்து, எதற்கு என்பது அதில் இருக்க வேண்டும். கடிதம் இல்லையேல் வண்டி நகராது.

4. எண்ணெய் ஏறும் பின்தட்டில் ஆள் ஏறக் கூடாது, ஆள் ஏற்றும் வண்டியில் எண்ணெய் ஏறக் கூடாது. தொழிலாளருக்குத் தனி வண்டி வேண்டும்.

5. வாயால் உறிஞ்சும் வழக்கம் ஒழிய வேண்டும். பம்பு, வடிகட்டி, அளவு மானி மூன்றும் வேண்டும். சுருங்கிய எண்ணெய்க்குக் கிராணியின் சம்பளம் சுருங்கக் கூடாது.

இந்த ஐந்தில் எது பேராசை? எது நடக்காத காரியம்? யாரையும் நாம் அழிக்கச் சொல்லவில்லை. எண்ணெயை எண்ணெய்க்குரிய பாத்திரத்தில் வை, மனிதனை மனிதனுக்குரிய இடத்தில் வை என்கிறோம். அவ்வளவுதான்.

டிரைவர் தோழர்களே! உங்கள் பெயரில் ரசீது எழுத விடாதீர்கள். வெல்டிங் தோழர்களே! பழைய தோம்பைத் தொடாதீர்கள். கிராணிமாரே! வந்த எண்ணெய், போன எண்ணெய், வண்டி எண், உத்தரவிட்டவர் பெயர் எல்லாவற்றையும் நாள் தவறாமல் எழுதி வையுங்கள். பால் வெட்டும் தோழர்களே! பின்தட்டில் தோம்பைக் கண்டால் ஏறாதீர்கள். ஒருவர் மட்டும் இறங்கி நின்றால் அவரை முரடர் என்பார்கள். எல்லோரும் சேர்ந்து இறங்கி நின்றால் நிர்வாகம் மறு வண்டி அனுப்பும். இந்த வாரமே உங்கள் கிளைக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக்கி, நகல் ஒன்றை மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.